எண் சொல்லும் சிறு பெட்டி: ஹன்னா காரத்தன்மை அளவியோடு இரண்டு ஆண்டுகள்

எனக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. பிறவியிலேயே வந்த குறை இது. பழுத்த தக்காளியையும் செங்காயையும் சந்தையில் விரலால் அழுத்தித்தான் பிரித்தெடுப்பேன். இப்படிப்பட்டவனுக்குப் பவளத் தொட்டி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. நீல விளக்கின் கீழ் பவளங்கள் ஒளிர்வதையும், இரவில் உணர்கொம்புகளை நீட்டி இரை தேடுவதையும் பார்த்து மகிழ என் கண்கள் எனக்குப் போதும். கண்கள் என்னைக் கைவிட்ட இடம் நீர்ச் சோதனை. பவளம் வளர்ப்பவர்கள் அடிக்கடி செய்ய வேண்டிய காரத்தன்மைச் சோதனை (அமிலத்தை முறிக்கும் நீரின் திறனை அளப்பது), சிறு குப்பியில் எடுத்த தொட்டி நீரில் மருந்தைத் துளித்துளியாக விட்டு, அது நீலப்பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் கணத்தைக் கண்ணால் பிடிப்பதை நம்பியிருக்கிறது. அந்தக் கணம் என் கண்ணில் அகப்படுவதே இல்லை.

ஆகவே ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ772 என்ற காரத்தன்மை அளவியைப் பற்றிய இந்த மதிப்புரையை, அக்கருவியை ஓர் ஆடம்பரமாக அன்றி ஒரு தேவையாக வாங்கியவன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாரத்துக்கு மூன்று முறை அளந்து வருகிறேன். ஒரு புட்டி மருந்தில் இருபத்தைந்து சோதனைகள் செய்யலாம் என்பதால், இப்போது பதின்மூன்றாவது புட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

தொட்டியைப் பற்றியும் சில வரிகள் தேவை, ஏனெனில் கருவியின் பயன் தொட்டியைப் பொறுத்தது. சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் அது இருக்கிறது. அடியிலுள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியையும் சேர்த்து உண்மையான நீரின் அளவு 150 லிட்டர். இவ்வூர் வெப்பத்தில் சில்லர் என்ற நீர் குளிர்விப்பான் இல்லாமல் பவளம் பிழைப்பது கடினம் என்பதால், நீரை 25 பாகை செல்சியசில் நிறுத்தி வைத்திருக்கிறேன். குழாய் நீரில் குளோரமின் கலக்கிறார்கள்; கரி வடிகட்டியையும் ஆர்ஓ சவ்வையும் கடந்து வந்த நீரில்தான் உப்பைக் கரைக்கிறேன். ஒரு ஜோடிக் கோமாளி மீன்களும் இரண்டு ஃபயர்ஃபிஷ்களும் இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் பவளங்களுக்கு: டார்ச், ஹேமர் ஆகிய பெரும் பாலிப் (சதைப்பற்றான பவள உடல்) வகைகள், மோன்டிபோரா தட்டுகள், மேல் பாறையில் அக்ரோபோரா கிளைகள். இந்தக் கடைசி இனம் இல்லாவிட்டால் நான் இவ்வளவு அளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

கால்சியம், மக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட், உப்புச்செறிவு என்று அளக்கப் பலவும் இருக்க, காரத்தன்மைக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்ற கேள்வி புதியவர்களுக்கு எழும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. கட்டும்போது நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் (காரத்தன்மை என்று நாம் அளப்பது பெரும்பாலும் இதைத்தான்) ஏறத்தாழ மாறாத விகிதத்தில் இழுத்துக்கொள்கிறது. அந்த விகிதத்தின்படி, காரத்தன்மை 2.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) குறையும்போது கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இருபது பங்கு) மட்டுமே குறையும். இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்சியம் 420-லிருந்து 400-க்கு இறங்கினால் யாருக்கும் தெரியாது. பாதிச் சோதனைக் கருவிகள் அந்த வேறுபாட்டைக் காட்டவே காட்டா. அதே வேளையில் காரத்தன்மை 8-லிருந்து 5.2-க்கு இறங்கியிருக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். கடல்நீரின் இயற்கையான காரத்தன்மையே சுமார் 7 டிகேஎச் என்பதால் கீழே அதிக இடமில்லை. கையிருப்பு மிகக் குறைவாக உள்ள சரக்குத்தான் கடையில் முதலில் தீரும். தொட்டியில் அந்தச் சரக்கு காரத்தன்மை.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இழப்பின் வழியாக. அளவி வாங்குவதற்கு முன் துளிச் சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தேன். நிறமாற்றம் எனக்குத் தாமதமாகத் தெரியும், அல்லது தெரிந்ததாக நானே எண்ணிக்கொள்வேன். அதற்குள் தேவைக்கு மேல் இரண்டு மூன்று துளிகள் போயிருக்கும். கூடுதலாகப் போகும் ஒவ்வொரு துளியும் கணக்கில் காரத்தன்மையை உயர்த்திக் காட்டும். ஆக, என் குறிப்பேட்டில் பல வாரங்கள் 9 என்றே எழுதியிருக்கிறேன். ஒரு பள்ளி விடுமுறையில் மகள் பக்கத்தில் அமர்ந்து, “அப்பா, இது எப்பவோ மாறிடுச்சு” என்றாள். அவள் கண்ணால் அளந்தபோது 6 வந்தது. அங்கேயே நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நானோ பதறிப்போய், பதிமூன்றரைக் கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஒரே மாலையில் ஊற்றி, 6-ஐ 9 ஆக்கினேன். நான்காம் நாள் அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்தன. இரண்டு வாரங்களுக்குள் ஒரு கிளையின் அடிப்பகுதியிலிருந்து தோல் உரிந்து மேலேறி, வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சியது. விரலளவுத் துண்டாக வாங்கி, கையளவுக்கு வளர்ந்திருந்த பவளம் அது. குறைந்த காரத்தன்மையை அது வாரக்கணக்கில் தாங்கியிருந்தது. ஒரே மாலையில் ஏற்றியதைத்தான் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அளவியை வாங்கினேன். ஹன்னா 1978-இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட நிறுவனம். ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவைக் கருவிகள் செய்பவர்கள். ‘செக்கர்’ என்ற பெயரில் அவர்கள் விற்கும் முட்டை வடிவக் கைக்கருவிகள் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரே பொத்தான், ஒரே ஏஏஏ மின்கலம். வாங்கும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். 772 என்பது கடல்நீருக்கு, டிகேஎச் அலகில் காட்டும். 755 என்பதும் கடல்நீருக்கே, ஆனால் பிபிஎம் அலகில் காட்டும். 775 நன்னீருக்கானது. மூன்றெண்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால், அவசரத்தில் நன்னீர்க் கருவியை வாங்கிவந்து விழிப்பவர்கள் உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. 10 மில்லிலிட்டர் தொட்டி நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, கருவியின் குழிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால், மருந்து கலக்காத நீரின் ஒளிபுகும் தன்மையைச் சுழியமாகக் குறித்துக்கொள்ளும். பிறகு குப்பியை வெளியே எடுத்து, 1 மில்லிலிட்டர் மருந்தைப் பீச்சுக்குழலால் விட்டு, மூடி, ஐந்து முறை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்கி, மீண்டும் குழிக்குள் வைத்து அழுத்த வேண்டும். மருந்திலுள்ள அமிலம் நீரின் காரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதிக்கு ஏற்ப, உடன் இருக்கும் சாயம் மஞ்சளிலிருந்து பச்சை வழியாகப் பச்சைகலந்த நீலம் வரை நிறம் கொள்ளும். குழிக்குள் இருக்கும் சிறு எல்இடி விளக்கின் ஒளி அந்த நிறத்தைக் கடந்து மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று ஓர் ஒளியுணரி பார்த்து, திரையில் எண்ணாகச் சொல்லிவிடும். மொத்த வேலையும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். நிறத்தைப் பார்க்கும் பொறுப்பை என் கண்ணிலிருந்து எடுத்து ஒளியுணரியிடம் கொடுத்தது ஒன்றுக்காகவே இக்கருவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எண் சற்று நேரத்தில் மறைந்துவிடும். குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துல்லியத்தைப் பற்றி. நிறுவனமே அறிவித்துள்ள பிழை வரம்பு, கூட்டியோ குறைத்தோ 0.3 டிகேஎச், அதனுடன் காட்டும் எண்ணில் 5 விழுக்காடு. திரை 0.1 வரை துல்லியமாகக் காட்டுவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது, 8.0 என்று காட்டினால், உண்மையான மதிப்பு 7.3-க்கும் 8.7-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். முதன்முறை இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் பழகப் பழக ஒன்று விளங்கியது. ஒரே புட்டி, ஒரே குப்பி, ஒரே கை என்று வைத்துக்கொண்டு ஒரே நீரை ஐந்து முறை அளந்தால், எண்கள் 0.1 அல்லது 0.2-க்குள் சுற்றிச் சுற்றி நிற்கின்றன. வீட்டுத் தராசு ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட்டிக் காட்டினாலும், தினமும் அதே ஐம்பது கிராமைக் கூட்டிக் காட்டும்வரை, உடல் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதைக் கொண்டே அறியலாம் அல்லவா? பவளத்துக்கு 7.6-ஆ 8.2-ஆ என்பது பெரிய வேறுபாடு இல்லை, இன்று 7.6, நாளை மறுநாள் 8.6, அடுத்த வாரம் 7 என்று ஆடுவதுதான் அதைக் கொல்கிறது. அந்த ஆட்டத்தைப் பிடிக்க இக்கருவி போதும், நன்றாகவே போதும்.

போதும் என்றாலும், அளப்பவர் ஒழுங்காக அளக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் என் எண்கள் காரணமின்றித் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாமே என் கைப்பிழைகள்.

முதலாவது, இவ்வூருக்கே உரியது. வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொட்டி நீர் 25 பாகை. குளிர்சாதனம் ஓடாத காலை வேளையில் அறை 30 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்த நிலையில் 26 பாகைக்குச் சற்றே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் ஈரம் படியும். குளிர்ந்த சோடாப் புட்டியில் வேர்ப்பதைப் போல, ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் குப்பியின் வெளிப்புறத்தில் அது படிந்திருக்கும். சுழியம் பார்க்கும்போது படலம் இல்லாமல், மருந்து விட்டபின் படிந்தால் எண் கூடும். முதலில் படிந்து பிறகு துடைக்கப்பட்டால் எண் குறையும். சென்னையிலோ கொழும்பிலோ கடலோரத்தில் வசிப்பவர்களுக்கும் இதே தொல்லை இருக்கும். தீர்வு எளிது: நீரை எடுத்துப் பத்து நிமிடம் மூடி வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் அளக்க வேண்டும். இரண்டு முறையும் குழிக்குள் வைப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் குப்பியைத் துடைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தபின் என் எண்களின் துள்ளல் பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது, பீச்சுக்குழல். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கூர்முனையைப் பொருத்தி மருந்தை இழுக்கும்போது, பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையில் சிறிது காற்று நிற்கும். அந்தக் காற்று நிற்கட்டும். பிஸ்டனின் அடிவிளிம்பைக் கோட்டோடு பொருத்த வேண்டுமே ஒழிய, திரவத்தின் மட்டத்தை அல்ல. நான் சில நாள் இப்படியும் சில நாள் அப்படியும் இழுத்திருக்கிறேன். அதனால் மட்டும் 0.4 வரை வேறுபாடு வந்தது. திரவத்துக்கு நடுவே குமிழி புகுந்துவிட்டால் மருந்து குறையும், அமிலம் குறைந்தால் காரம் கூடுதலாக மிஞ்சும், எண் கூடும். மெதுவாக இழுத்தால் குமிழி புகாது.

மூன்றாவது, 10 மில்லிலிட்டர் கோடு. தோட்டத்தில் நீர் பிடிப்பதைப் போலத் தோராயமாக நிரப்பாதீர்கள். நகைத் தராசு ஒன்று வீட்டில் இருந்தால், குப்பியை வைத்துச் சுழியமாக்கி 10.2 கிராம் வரை தொட்டி நீரை விடலாம். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால்தான் அந்த 0.2. எனக்குச் சமையலறைத் தராசை நம்ப முடியவில்லை. சிறு பீச்சுக்குழலால் அளந்து விடுகிறேன்.

கீறல் விழுந்த குப்பியை எறிந்துவிட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரல் ரேகையும் அப்படித்தான்.

இக்கருவியோடு வாழ்வதில் உள்ள உண்மையான சிக்கல் புட்டி மாறும் நாளில் வருகிறது. ஒரு தொகுதி மருந்துக்கும் அடுத்த தொகுதிக்கும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. பழைய புட்டி 8.0 என்று சொன்ன நீரைப் புதிய புட்டி 8.3 என்று சொல்லலாம். இதை அறியாதவர் தொட்டிதான் மாறிவிட்டது என்று எண்ணி, டோசிங் பம்பின் (தொட்டிக்குச் சோடாக் கரைசலை அளந்து விடும் பம்ப்) அளவைக் குறைத்து, இல்லாத சிக்கலை உண்டாக்கிக்கொள்வார். ஆகவே பழைய புட்டியில் இரண்டு சோதனைக்கு மருந்து மீதமிருக்கும்போதே புதியதைத் திறந்து, ஒரே நீரை இரண்டாலும் அளந்து, வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன். இந்தப் பழக்கம் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. எட்டாவது புட்டியை வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லாததால் வேறொரு கடையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். பக்கத்தில் வைத்து அளந்தபோது பழையதைவிட 0.9 குறைவாகக் காட்டியது. நம்பியிருந்தால் ஒரே வாரத்தில் சோடாவை ஏற்றி, மீண்டும் நுனிகளை எரித்திருப்பேன். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் தேதி நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். திறந்த மருந்தை மாற்றித் தர இயலாது என்றார் கடைக்காரர். திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தேதியைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றார். எரிச்சலாக இருந்தாலும், தேதியைப் பார்க்காதது என் தவறும்தான்.

எண் கையில் வந்தபின் அதை வைத்துச் செய்யும் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைச் செய்யாவிட்டால் இக்கருவி வெறும் விளையாட்டுப் பொருள். டோசிங்கை நிறுத்திவிட்டு, இன்று காலை எட்டு மணிக்கும் நாளை காலை எட்டு மணிக்கும் அளந்தால், இடையில் குறைந்தது எவ்வளவோ அதுவே பவளங்களின் ஒரு நாள் பசி. பவளம் ஒளியில்தான் விரைவாக எலும்பு கட்டும் என்பதால், அளக்கும் மணியை மாற்றக் கூடாது. விளக்கு எரியும் முன் ஒருநாளும் அணைந்தபின் மறுநாளும் அளந்தால் கணக்குப் பொய்க்கும். என் தொட்டியின் ஒரு நாள் பசி இப்போது 0.8 டிகேஎச். நூறு லிட்டர் நீரில் காரத்தன்மையை ஒரு டிகேஎச் உயர்த்த 3 கிராம் சமையல் சோடா தேவை. எனவே என் 150 லிட்டருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம். அதைக் கரைசலாக்கி, பம்ப் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் பகிர்ந்து விடுகிறது. அதற்கு இணையான கால்சியம் குளோரைடு வேறொரு குழாயில், சோடா விழும் இடத்திலிருந்து தள்ளி விழுகிறது. இரண்டும் ஓரிடத்தில் விழுந்தால் நீரிலேயே சுண்ணாம்பாகத் திரிந்து வெள்ளைப் பொடியாக இறங்கிவிடும். பவளங்கள் வளர வளரப் பசியும் வளரும் என்பதால், மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒரு நாள் சோதனையை மீண்டும் செய்கிறேன்.

ஓராண்டுக் காலம் சோடாவுக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீரையும் பயன்படுத்தினேன். அயல்நாட்டினர் ஜெர்மன் பெயரால் ‘கால்க்வாசர்’ என்று பெருமையாகச் சொல்லும் இப்பொருள், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்தால் மேலே நிற்கும் அதே நீர்தான். ஆனால் தொட்டிக்கு வாசனையோ கலப்போ இல்லாத தூய பொடியைத்தான் வாங்க வேண்டும். கால்சியத்தையும் காரத்தையும் சம விகிதத்தில் தருவதால் மிக வசதியானது, கடுங்காரம் என்பதால் மிக ஆபத்தானதும் கூட. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு காலத்தில் பவளப் பாறைகளை வெட்டிக் கொண்டுவந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுண்ணாம்பை நீரில் விட்டுப் பவளம் எடுக்கும் இந்த எதிர்த்திசை வேலையைச் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். அளவி இல்லாமல் தெளிநீரைக் கையாளாதீர்கள். பம்ப் ஒருமுறை நிற்காமல் ஓடிவிட்டால் விடிவதற்குள் தொட்டி பால்போல் வெளுத்துவிடும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் என்ன? நிறம் நன்றாகத் தெரிபவர்களுக்குத் துளிச் சோதனை இன்றும் மோசமில்லை. சாலிஃபெர்ட் போன்ற பெட்டிகள் மலிவானவை, ஒரு பெட்டி பல மாதங்கள் வரும், நிறமாற்றமும் கூர்மையானது என்று பார்வையுள்ளவர்கள் சொல்கிறார்கள். என் மனைவியும் மகளும் ஒரே நீரை அதைக் கொண்டு அளந்தால் 0.3-க்குள் ஒத்துப்போகிறார்கள், கருவியே ஒரே நீரை அளக்கும்போது 0.2 வரை ஆடுகிறதே. தொட்டி அவர்களுடையதாக மட்டும் இருந்திருந்தால் இக்கருவிக்கு அவசியமே இல்லை என்று எழுதியிருப்பேன். மறுபுறம், நெப்டியூன் ட்ரைடென்ட், ஜிஎச்எல் நிறுவனத்தின் கேஎச் டைரக்டர் போன்ற தானியங்கிகள் மனிதக் கையே இல்லாமல் நாளில் பலமுறை அளந்து, பம்பையும் தாமே திருத்தும். பெரிய தொட்டியும் அடிக்கடி வெளியூர்ப் பயணமும் உள்ளவர்களுக்கு அவை பொருந்தலாம். ஹன்னா அளவியின் விலையைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும், மருந்துச் செலவும் தனி. 150 லிட்டருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது.

காரத்தன்மை அளவியில் மகிழ்ந்து, அதே வரிசையிலுள்ள கால்சியம் அளவியையும் கூடவே வாங்க நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அச்சோதனைக்கு எடுக்கும் தொட்டி நீர் 0.1 மில்லிலிட்டர் மட்டுமே; மீதியெல்லாம் தூய நீரும் மருந்தும். அந்தச் சிறு துளியில் இருபதில் ஒரு பங்கு கூடக்குறையப் போனாலே முடிவில் 20 பிபிஎம் பிழை வந்துவிடும், அதாவது காரத்தன்மை 2.8 இறங்கும்போது ஏற்படும் முழு மாற்றத்தையும் அந்தப் பிழை விழுங்கிவிடும். கைநடுக்கமே இல்லாதவர்கள் வாங்கலாம். நான் மாதம் ஒருமுறை மகளைக் கொண்டு கால்சியத்தைத் துளிச் சோதனையில் பார்த்துக்கொள்கிறேன்.

மென்பவளங்களும் காளான் பவளங்களும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இக்கருவி வேண்டாம். அவை கல் பவளங்களைப் போல் கனத்த எலும்புக்கூடு கட்டுவதில்லை, வாராந்திர நீர்மாற்றமே காரத்தன்மையைத் தாங்கிப்பிடிக்கும். மீன் மட்டும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கும் இதே நிலைதான். இந்தியாவிலுள்ள வாசகர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கல் பவளங்கள் அனைத்தும் அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; கடலிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து வீட்டில் வைப்பது குற்றம். கடையில் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. அந்நிலையில் அவர்களுக்கு இந்த அளவியால் பெரும்பயன் இல்லை. கல் பவளங்களைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நாடுகளில் இருந்து, அக்ரோபோராவுக்கோ பெரும் பாலிப் வகைகளுக்கோ ஆசைப்படுபவர்கள், விளக்கின் மீது செலவிடுவதற்கு முன் இதை வாங்கிவிடலாம்.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கருவியோடு வரும் மருந்து பழகுவதற்கே தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, முதல் நாளே கூடுதலாக இரண்டு புட்டிகளும் ஒரு ஜோடி மாற்றுக் குப்பிகளும் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் அடுக்க வேண்டாம், தேதி முடிந்துவிடும். தேதி புட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும். என்னைப் போன்ற கண்ணுடையவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரையே உரக்கப் படிக்கச் சொல்லலாம்.